ஆராய்ச்சிப் பட்டமும் அங்கீகாரமும்

கல்வியின் பயன் அறிவே. பட்டம் அவ்வறிவிற்குப் பிறர் கூறும் சான்று. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் சான்று கூறுவோர்க்கு அங்ஙனம் கூறும் உரிமை உண்டோ என்னும் வினா, ஆராய்ச்சிப் பட்டத்தை விழையும் மாணவருட் பலர் நினையாத ஒன்றாகவே இருக்கின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எம் வகுப்பினருள், முதுகலை முடித்தபின் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் வேட்கை உடையார் சிலர் உளர். அவர்கள் கூடிப் பேசுங்கால், ஆராய வேண்டுவது சங்க இலக்கியமா நாட்டார் வழக்காறா, எப்பேராசிரியரிடம் சேர்வது, உதவித்தொகை கிட்டுமா என்பனவே பேச்சாகும். சேரவிருக்கும் நிறுவனத்திற்கு அப்பட்டத்தை அளிக்கச் சட்டவுரிமை உண்டா, அவ்வுரிமை யாம் சேரும் முறைக்கும் பொருந்துமா என்று கேட்டாரை யாம் இதுகாறும் கண்டிலேம். கேட்பது அலுவலக எழுத்தர் வேலையென்று கருதுகின்றனர் போலும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அடியில் அமர்ந்து கற்றதே அவர் தகுதி. அத்தகுதியை நம்பியே 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரி அவரை ஆசிரியராக ஏற்றது. 1924 முதல் 1927 வரை அவர் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகவும் விளங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டத்தைக் கொண்டுபோய் அவர்க்குச் சூட்டியதேயன்றி, அவர் அதற்கு விண்ணப்பித்தாரில்லை. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்த காலத்தில், கி.பி. 458இல், சர்வநந்தி என்பார் லோகவிபாகம் என்னும் நூலை அங்கு எழுதி முடித்தனர் என்பர். எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர்க்கு 14 ஆசிரியர் இருந்தமை கல்வெட்டால் விளங்கும். இவற்றிற்கெல்லாம் முத்திரை குத்தியவர் யாவர் என வினவலாம்.

வினா அழகியதே, ஆயின் நமக்குப் பயன்படுவதன்று. அக்காலத்தில் ஆசிரியன் பெயரே முத்திரையாக நின்றது. கும்பகோணத்தில் ஒருவரை அமர்த்துவோர், அவர் யாரிடம் பாடங்கேட்டார் என்பதனை நேரில் அறிந்திருந்தனர். இன்று கடலூரிற் படித்த ஒருவன் கோவையிலோ கொல்கத்தாவிலோ சிகாகோவிலோ விண்ணப்பிக்கின்றான். அவ்விண்ணப்பத்தைப் புரட்டுவோர்க்கு அவனையும் அறியார், அவன் ஆசிரியரையும் அறியார். அவர்கள் காண்பது தாளில் அச்சிட்ட ஒரு பெயரை மட்டுமே. அப்பெயர்க்குப் பின்னே சட்டம் நிற்கின்றதா என்பதே அவர்தம் முதல் ஆய்வு. சாமிநாதையர் அவர்களுக்கு நேர்ந்தது கோடியில் ஒருவர்க்கு நேர்வது. அதனைக் காட்டிப் பண்ணுருட்டிப் பலாத்தோட்டத்தினின்றோ காட்டுமன்னார்கோயில் நெல்வயலினின்றோ குடும்பத்தில் முதல்வனாய்க் கல்லூரிக்கு வந்த மாணவனைத் தேற்றுதல் அறமாகாது.

முதற்கண் மூன்று சொற்களை வேறுபிரித்து உணர்தல் வேண்டும். பட்டம் வழங்கும் உரிமை ஒன்று, இணைவு மற்றொன்று, தரமதிப்பீடு பிறிதொன்று. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவின்படி, நடுவண் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், பாராளுமன்றம் தனியே உரிமையளித்த நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். கல்லூரிக்கு அவ்வுரிமை இல்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து நின்று, அதன் பெயரால் மாணவரைப் பட்டத்திற்கு அனுப்புகின்றது. தரமதிப்பீடோ, 1994இல் தோன்றிப் பெங்களூருவில் இயங்கும் தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு, சுருங்கச் சொல்லின் ‘நாக்’, இடும் எழுத்து. கல்லூரி வாயிலிற் பெரிதாக எழுதப்படுவது இம்மூன்றாவதே. மாணவன் வாழ்வை முறிக்க வல்லது முதலாவதே. விளம்பரப் பலகைகள் இவ்வரிசையைத் தலைகீழாக நிறுத்திவிட்டன.

கடலூர் மாவட்டத்தார்க்கு இணைவு என்பது வெறுஞ்சொல்லன்று. இம்மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தபின் அதனைச் சார்ந்தன. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகம் சட்டத்தாற் பிறந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட, இங்குள்ள கல்லூரிகளும் அண்ணாமலையின் நிழலுக்கு வந்தன. ஆகவே ஒரே வகுப்பறையில், ஒரே மரப்பலகைமேல் அமர்ந்து படித்த தந்தை, தமையன், தம்பி ஆகிய மூவர்தம் பட்டத்தாளிலும் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர் காணப்படுதல் கூடும். வெளியூரில் விண்ணப்பிக்கும்போது, ‘நின் கல்லூரியின் பெயர் ஒன்று, பட்டத்தின் பெயர் வேறொன்று, நின் ஆசிரியர் பட்டம் மற்றொன்று, இஃது எங்ஙனம்?’ என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடை சொல்ல மாணவன் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இனிச் சிதம்பரத்திற்கு வருவோம். 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929இல் அண்ணாமலை அரசரின் கொடையாற் பல்கலைக்கழகமாக மலர்ந்த அவ்விடம், தமிழ் மாணவர் எவர்க்கும் மதிப்பிற்குரியது. தனிநாயக அடிகளார் ரோமாபுரியில் இறையியல் பயின்று திரும்பியபின், 1940களில் தமிழை முறையாகக் கற்க வந்து சேர்ந்தது அங்கேதான். பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கையை ஆராய்ந்ததும் அங்கேதான். பிற்பாடு லண்டன் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றபோது, சிதம்பரத்துப் பட்டம் ஐயமின்றிச் செல்லுபடியாயிற்று. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியமைக்கு அவர் உழைப்பே முதற்காரணம்.

அப்பெருமை வாய்ந்த பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே, பட்டத்தின் செல்லுபடி பற்றி உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புரைக்க நேர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. இளங்கலைப் பட்டம் பெறாமலே, வயதைத் தகுதியாகக் கொண்டு, திறந்தநிலை முறையில் முதுகலைப் பட்டம் பெறும் வழி அங்கு இருந்தது. அவ்வாறு பட்டம் பெற்ற ஒருவர் தமிழ்நாடு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் முதல்வராக அமர்த்தப்பட்டார், அவ்வமர்வு வழக்காயிற்று. முதற்பட்டம் இன்றி முதுகலை கூடாது என்னும் மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள் திறந்தநிலைக் கல்வியையும் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் முடிபு கூறியது. தமிழக அரசும் அவ்வாண்டிலேயே, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்னும் வரிசையில் வாராத பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏலா என ஆணையிட்டது. தேர்வெழுதித் தேறியது உண்மை. பல்கலைக்கழகமும் உண்மையான பல்கலைக்கழகம். வழங்கிய முறையே செல்லாதாயிற்று. நிறுவனத்தின் பெயர் பெரிதாயிருத்தல் போதாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னும் ஒன்று. 1979இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி, தமிழ்நாட்டின் எல்லை கடந்தும் பரவியிருந்தது. தொலைநிலைப் படிப்புகளுக்கு வழங்கிய ஏற்பு 2014-15ஆம் கல்வியாண்டோடு முடிந்தது என்றும், அதன்பின் நடத்தியவை ஏற்பற்றவை என்றும் மானியக் குழு 2022 மார்ச்சு மாதத்தில் பொது அறிவிப்பு வெளியிட்டது. பல்கலைக்கழகம் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்தது; நீதிமன்றத்தையும் நாடியிருந்தது; பின்னர் உரிய ஏற்பும் பெற்றுத் தொலைநிலைக் கல்வியைத் தொடர்கின்றது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது எம்மனோர் வேலையன்று. யாம் கேட்பது இது: அவ்வறிவிப்பைக் காலையிற் செய்தித்தாளில் படித்த மாணவன் என் செய்வான்? அவன் பள்ளி ஆசிரியனாய்ப் பகலெல்லாம் உழைத்து, இரவிற் படித்து, முதுகலை முடித்து, அதனை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருப்பான். குழுவும் பல்கலைக்கழகமும் வழக்காடுதற்கு வழக்கறிஞர் உளர், அவனுக்கு ஒருவருமிலர். இரு யானைகள் பொருதவிடத்து மிதிபட்ட புல்லின் நிலை அவனுடையது.

ஆதலின் எம் கருத்து யாதெனின், அங்கீகாரத்தை ஆராயும் கடமை மாணவனுக்கு உண்டு. ஆயினும் அக்கடமை முழுவதையும் அவன் தலையில் ஏற்றுதல் தகாது. ஏற்பு முடிவுற்ற நாளை அறிந்திருப்பது நிறுவனம்; கட்டணம் வாங்குவதும் நிறுவனம். அறிந்தவன் வாய்மூடியிருப்ப, அறியாதவன் இழப்பை ஏற்றல் வேண்டுமென்பது எந்நாட்டு நீதி? கொள்வோனே ஆய்ந்து கொள்க என்பது கத்தரிக்காய்ச் சந்தைக்குப் பொருந்தலாம். ஐந்தாறு ஆண்டு இளமையை விலையாகக் கொடுக்கும் இடத்திற்குப் பொருந்தாது.

முனைவர் பட்டத்தைப் பொறுத்தவரை இவ்விழப்பு இன்னும் பெரிது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது மூன்று ஆண்டும், பொதுவாக மிகுதி ஆறு ஆண்டும் இதற்கு உண்டு. தொலைநிலையில் முனைவர் பட்டம் இல்லை, பகுதிநேரமாகச் செய்யலாம். எம்.ஃபில். என்னும் இடைப்பட்டம் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு இன்னும் மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களிடம் ஏமாறற்க என 2023 டிசம்பரில் குழு மீண்டும் எச்சரிக்க வேண்டியதாயிற்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரால் இணையவழியே முனைவர் பட்டம் தருவோம் என்னும் வணிகர் விளம்பரங்களையும் 2022இல் அது மறுத்துரைத்தது. 2025 சனவரியில் இராசத்தானத்தில் சூரு நகரத்து ஓ.பி.ஜே.எஸ்., ஆல்வாரின் சன்ரைஸ், சுன்சுனுவின் சிங்கானியா என்னும் மூன்று பல்கலைக்கழகங்கள், முனைவர் பட்ட விதிகளைப் பின்பற்றாமையால், ஐந்தாண்டுக்கு ஆராய்ச்சி மாணவரைச் சேர்க்கலாகாது எனத் தடுக்கப்பட்டன. அவை போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல, சட்டத்தால் அமைந்தவையே என்பதைக் கருதுக. உரிமை இருந்தும் முறை தவறினமையால் வாயில் அடைபட்டது.

இனி எழுத்துத் தரத்தைப் பற்றிச் சிறிது. நாக் குழு நான்கு புள்ளிக்குக் கணக்கிட்டு, 3.51க்கு மேற்பட்டதற்கு ஏ இரட்டைக்கூட்டல் எனவும், 3.01 முதல் 3.25 வரை ஏ எனவும், இவ்வாறே இறங்கி இறங்கி எழுத்திடும். அவ்வெழுத்து பெரும்பாலும் ஐந்தாண்டு நிற்கும். அது கல்லூரி முழுமைக்கும் இடும் எழுத்து. கட்டடம், கழிப்பிடம், நூலகம், ஆட்சிமுறை, எல்லாம் அதனுள் அடங்கும். தமிழ்த்துறையில் சுவடி படிக்கவல்லார் ஒருவரேனும் உளரா என்பதை அவ்வெழுத்து சொல்லாது. 2025 பிப்ரவரியில், ஆந்திர நாட்டு நிறுவனம் ஒன்றிற்கு உயர்ந்த எழுத்திடக் கையூட்டுப் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில், ஆய்வுக்குச் சென்ற குழுவினரையே நடுவண் புலனாய்வுத் துறை கைது செய்தமை நாடறிந்த செய்தி. எழுத்துகளை ஒழித்து, ‘ஏற்கப்பட்டது, ஏற்கப்படாதது’ என்னும் இருவகையோடு நிறுத்தப்போவதாக அக்குழு 2024இலேயே அறிவித்திருந்தது.

எழுத்தினும் இடமும் ஆளுமே பெரியன என்பதற்குத் தொலைவு போக வேண்டா. வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ளது. கழிமுகமும் கடலும் வாயிலிலேயே கிடக்க, பிச்சாவரத்து அலையாத்திக் காடும் அணித்தே இருக்க, அத்துறையில் ஆராய விரும்பும் ஒருவன் எவ்வெழுத்தை எண்ணி வேறிடம் செல்வான்? இதற்கு மறுதலையும் உண்டு. கடலூருக்கு வடக்கே பேருந்தில் ஒரு மணி நேரத்தில் அடையும் புதுச்சேரியில், 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கின்றது. அதன் சைவச் சுவடித் தொகுதியை 2005இல் யுனெசுகோ உலக நினைவேட்டிற் சேர்த்தது. அறிஞர் உலகில் அதன் பெயர்க்கு உள்ள மதிப்பு பல பல்கலைக்கழகங்கட்கு இல்லை. ஆயினும் அது தன் பெயரால் முனைவர் பட்டம் அளிப்பதில்லை. அங்குள்ள ஏட்டை ஆராய்ந்து பட்டம் பெற விழைபவன், உரிமையுள்ள ஒரு பல்கலைக்கழகத்திற் பதிந்துகொண்டே ஆராய்தல் வேண்டும். அறிவு ஓரிடத்தும் முத்திரை ஓரிடத்தும் இருத்தல் இயல்பு. இரண்டையும் ஒன்றென மயங்குதலே தீது.

அங்ஙனமாயின் எழுத்தினை அறவே பொருட்படுத்தாது விடலாமோ எனின், அதுவும் ஆகாது. அமெரிக்க நாட்டில் இளங்கலை முடித்தவுடனே முனைவர் படிப்பிற்கு விண்ணப்பிக்கலாம்; ஆனால் அங்கு இளங்கலை நான்காண்டு, நமக்கோ மூவாண்டு. நியூயார்க்கில் உள்ள வேர்ல்டு எடுகேஷன் சர்வீசஸ் என்னும் நிறுவனம் அயல்நாட்டுப் பட்டங்களை எடைபோட்டுச் சொல்வது. நாக் குழுவிடம் ஏ அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துப் பெற்ற கல்லூரியில் நல்ல வகுப்பிற் தேறியதாயின், நம் மூவாண்டுப் பட்டத்தை அந்நாட்டு இளங்கலைக்கு நிகராக அது கொள்கின்றது. ஆகவே சிகாகோவிலோ பெர்க்கிலியிலோ தமிழாராயும் கனவுடைய ஒருவனுக்கு, அவன் படித்த சிற்றூர்க் கல்லூரியின் எழுத்து ஒரு கடல் தாண்டும் ஓடமாகின்றது. வாயிற்பலகையில் வீண் ஆரவாரம் என்று யாம் நகையாடும் அதே எழுத்து! அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தரச்சான்றை அவ்வரசு நேரே இடுவதில்லை, அரசு ஏற்ற தனி அமைப்புகளே இடுகின்றன என்பதையும் அங்கு விண்ணப்பிப்போர் அறிந்து, அவ்வமைப்பின் பெயரையும் கேட்டறிதல் வேண்டும்.

நெறியாளரைத் தேர்வதிலும் விதிகளை அறிதல் பயன் தரும். பேராசிரியர் எட்டு மாணவர்க்கும், இணைப்பேராசிரியர் அறுவர்க்கும், உதவிப்பேராசிரியர் நால்வர்க்குமே ஒருகாலத்தில் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்றாண்டிற்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்கலாகாது. அவர் முன்னர் நெறிப்படுத்திய ஆய்வேடுகளைக் காந்திநகரத்திலிருந்து நடத்தப்பெறும் ஷோத்கங்கா என்னும் இணைய நூலகத்தில் எவரும் இலவசமாய்ப் படிக்கலாம். இரண்டு ஏடுகளைப் புரட்டினாலே அவர் மாணவரைத் திருத்தும் பாங்கு விளங்கிவிடும். 2013இல் அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தபின், மிகையென்று கணித்த ஆசிரியர் பலர் பிற அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர் என்பதையும் நினைவிற்கொண்டு, தாம் நாடும் ஆசிரியர் இன்னும் அவ்விடத்தே உளரா என்று கேட்டே விண்ணப்பம் விடுத்தல் நலம்.

கல்லூரிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் யாம் வேண்டுவது பெரிதன்று. சேர்க்கை விண்ணப்பத் தாளின் முதற்பக்கத்திலேயே, தமிழில், தடித்த எழுத்தில், நான்கு செய்திகளை அச்சிடுக: பட்டம் வழங்குவது எப்பல்கலைக்கழகம், அப்படிப்பிற்கு ஏற்பு எந்நாள் வரை, தரமதிப்பீடு எவ்வாண்டு முடியும், ஆராய்ச்சிக்காயின், அத்துறையில் மாணவரைச் சேர்க்கத் தகுதியும் இடமும் உடைய நெறியாளர் எத்துணையர். ஏற்பு இடையில் அற்றுப்போயின், பெற்ற கட்டணத்தை மாணவன் கேளாமலே திருப்பித் தருவதாக ஒரு வரியும் சேர்க்கப்படுமாயின், மானியக் குழுவின் அறிவிப்பைச் செய்தித்தாளிற் படித்து இடியுண்டவர்போல் நிற்க வேண்டிய நிலை எவர்க்கும் வாராது. விண்ணப்பத் தாளில் இப்போது கல்லூரித் தாளாளரின் படமும், விளையாட்டுத் திடலின் படமும், பேருந்துகளின் படமும் இடம்பெறுகின்றன. அப்படங்களுள் ஒன்றைக் குறைத்தாலே இந்நான்கு செய்திக்கும் இடம் கிடைத்துவிடும்.